குளோரோஃபார்ம், நிஜாம், கொஞ்சம் தெருநாய்கள்

அல்வாலுக்கு மாற்றலாகி வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சீக்கிரம் பழகிவிடும். ஒன்று, ராஜீவ் ரஹதாரியில் விடிய விடியப் போகும் கரீம்நகர் பஸ்களின் ஹாரன். இரண்டு, 'எங்கேப்பா வேலை?' என்று கேட்டால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளில் பலர் சொல்லும் ஒரே பதில்: 'ஃபார்மா, அங்கிள்'. இந்த ரோட்டிலேயே வடக்கே போனால் ஹக்கீம்பேட்டை, தூம்குண்டா தாண்டி ஷாமிர்பேட்டை ஏரி. அதற்கும் அப்பால் ஜீனோம் வேலி. தடுப்பூசி, மருந்து, மருந்துக்கான ஆராய்ச்சி என்று வரிசையாகக் கட்டடங்கள்.

நான் படித்தது பி.காம். மருந்து என்றால் எனக்குத் தலைவலிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, அவ்வளவுதான். ஆனால் வங்கிக்காரனுக்குக் கடன் கேட்டு வருகிற ஃபைல் எல்லாம் பாடப்புத்தகம். அப்படி ஒரு ஆராய்ச்சிக் கூடத்தின் திட்ட அறிக்கையைப் படித்தபோது 'விலங்குக் கூடம்' என்ற தலைப்பில் ஒரு பெரிய தொகை கண்ணில் பட்டது. கூண்டுகள், வடிகட்டிய காற்று, இரவு பகல் மாற விளக்குகள், தனி ஜெனரேட்டர், கடைசியில் ஒரு எரியூட்டி. எலிக்கு ஏன் ஏ.சி. என்று கேட்டேன். 'சூடு கொஞ்சம் ஏறினாலும் ரிசல்ட் மாறிடும் சார்' என்றார் விளக்க வந்த தம்பி. அந்தக் கூடத்தில் என்ன சோதிப்பார்கள் என்று கேட்டதற்கு, வலி நிவாரணி, வீக்கத்துக்கான மருந்து என்று பொறுமையாக அரை மணி நேரம் சொன்னார். கடன் விஷயம் போகட்டும், அந்த அரை மணி நேரம் என்னை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதன் விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ ஒன்று போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் அந்தத் தம்பி சொன்னது.

புதிதாக ஒரு வேதிப்பொருள் கண்டுபிடிக்கிறார்கள். அது வலியைக் குறைக்குமா? மனிதனிடம் 'பத்துக்கு எவ்வளவு வலிக்குது?' என்று கேட்கலாம். எலியிடம் கேட்க முடியாது. அதனால் எலி என்ன செய்கிறது என்பதை அளக்கிறார்கள். சுமார் 55 டிகிரிக்குச் சூடாக்கிய தட்டில் எலியை விட்டு, அது பாதத்தை நக்கவோ துள்ளவோ எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். 1940களிலிருந்து வழக்கத்தில் இருக்கும் முறை. மருந்து வேலை செய்தால் அந்த நேரம் கூடும். குறிப்பிட்ட விநாடிக்கு மேல் விடக்கூடாது, பாதம் புண்ணாகிவிடும். இன்னொரு முறையில் வால்மேல் வெப்ப ஒளியைப் பாய்ச்சி, வாலை எப்போது வெடுக்கென்று இழுக்கிறது என்று பார்ப்பார்கள். மற்றொன்றில் வயிற்றுக்குள் நீர்த்த அசிடிக் அமிலம் செலுத்தி, அது எத்தனை தடவை நெளிகிறது என்று எண்ணுவார்கள்.

வீக்கத்துக்கு வேறு சோதனை. காராஜீனன் என்று ஒன்று, கடல்பாசியிலிருந்து எடுப்பது. ஐஸ்கிரீமில்கூடக் கெட்டித்தன்மைக்குச் சேர்ப்பார்கள். அதை எலியின் பின்னங்கால் பாதத்தில் ஊசியால் ஏற்றினால் சில மணி நேரத்தில் கால் வீங்கும். அந்தக் காலைத் திரவத்தில் முக்கி, எவ்வளவு திரவம் மேலே ஏறுகிறது என்று பார்த்தால் வீக்கத்தின் அளவு தெரியும். ஆர்க்கிமிடீஸ் கதைதான். 1962-ல் இந்த முறை வெளியானது. இண்டோமெதசின் தொடங்கி எத்தனையோ வீக்க மருந்துகள் இந்த வாசல் வழியாக வந்தவை. ஒரு குழுவுக்குப் புது மருந்து, ஒரு குழுவுக்கு ஏற்கெனவே தெரிந்த மருந்து, ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை. குழுவுக்கு ஆறு எலி மாதிரி.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? அறுவை சோதனை என்றால் விலங்குக்கு மயக்க மருந்து கொடுத்துவிடலாம். வலி மருந்தைச் சோதிக்கும்போது மயக்கம் கொடுக்க முடியாது. வலி தெரிந்தால்தானே மருந்து கேட்கிறதா என்று தெரியும்? நம் வலி போக வேண்டுமானால் வேறு ஏதோ ஓர் உயிருக்கு முதலில் வலித்தாக வேண்டும். கணக்குப் புத்தகத்தில் பற்றும் வரவும் மாதிரி. இதுதான் என்னை உறுத்தியது. மனிதன் இதை எப்போது தொடங்கினான் என்று தேடப் போனால், கதையின் முக்கியமான ஓர் அத்தியாயம் நம்ம ஐதராபாத்திலேயே இருக்கிறது. வலியே தெரியாமல் செய்யும் மருந்தைப் பற்றியது. வீக்க மருந்து இல்லை, மயக்க மருந்து. ஆனால் கேள்வி அதே கேள்விதான்.

*

1846 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவை செய்து காட்டினார்கள். அதற்கு முன்னால் ஆபரேஷன் என்றால் நாலு பேர் பிடித்துக்கொள்ள, நோயாளி அலற, மருத்துவர் எவ்வளவு வேகமாக அறுக்கிறார் என்பதுதான் திறமை. அடுத்த ஆண்டு நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் குளோரோஃபார்மைக் கொண்டு வந்தார். ஈதரைவிடக் கொஞ்சம் போதும், சீக்கிரம் வேலை செய்யும், தீப்பிடிக்காது, இனிமையான வாசனை. உலகமே கொண்டாடியது.

கொண்டாட்டம் மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. 1848 ஜனவரி 28-ம் தேதி இங்கிலாந்தில் நியூகாசில் பக்கத்தில் ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுப் பெண். கால் விரல் நகம் ஒன்றை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் ஆபரேஷன். பெண் ரொம்பப் பயந்திருந்தாள். துணியில் குளோரோஃபார்மை விட்டு முகர வைத்தார்கள். சில நிமிடத்தில் இறந்துபோனாள். குளோரோஃபார்மால் இறந்ததாகப் பதிவான முதல் ஆள் அவள்தான். (இந்தப் பெண்ணின் பயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.)

அதன்பிறகு இப்படிச் சாவுகள் அங்கங்கே வந்துகொண்டே இருந்தன. பல் பிடுங்க வந்தவர், விரல் நகம் எடுக்க வந்தவர். பெரிய ஆபரேஷனைத் தாங்கியவர்கள் பிழைத்தார்கள். சின்ன விஷயத்துக்கு வந்தவர்கள் போனார்கள். இன்னொரு பக்கம் 1853-ல் விக்டோரியா மகாராணி பிரசவத்தின்போது ஜான் ஸ்னோ கையால் குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்டு சௌக்கியமாக எழுந்து வந்தார். ஒரே மருந்து, மகாராணிக்கு வரம், ஹன்னாவுக்கு எமன். ஏன்?

டாக்டர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். லண்டன் கட்சி சொன்னது: குளோரோஃபார்ம் இதயத்தைத் தாக்குகிறது, ஆகவே நாடியில் கை வைத்திரு. எடின்பரோ கட்சி சொன்னது: முதலில் நிற்பது மூச்சு, மூச்சைப் பார்த்துக்கொண்டால் போதும். எடின்பரோ கட்சியின் பெரிய தலை ஜேம்ஸ் சைம் என்ற அறுவை நிபுணர். அவருடைய மாணவர்களில் ஒருவர் எட்வர்ட் லாரி. அவர்தான் 1880களில் ஐதராபாத்துக்கு வந்து சேர்ந்தார்.

*

லாரி வகித்த பதவி ரெசிடென்சி சர்ஜன். நிஜாம் அரசின் மருத்துவப் பள்ளிக்கும் அவரே தலைமை. அன்றைய ரெசிடென்சி இன்று கோட்டியில் மகளிர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் அந்த உயரமான தூண்கள் கொண்ட மாளிகை. ரெசிடென்டுக்கு எங்கள் அல்வாலுக்கு அடுத்த பொலாரத்தில் இன்னொரு மாளிகை. அதுதான் இப்போதைய ராஷ்டிரபதி நிலையம். அன்றைக்கு இந்தப் பக்கம் எல்லாம் ராணுவக் கூடாரங்கள். மெட்ராஸ் ராணுவத்தோடு வந்த தமிழர்கள் சிக்கந்தராபாத்தில் குடியேறி, கோயில், பள்ளிக்கூடம் என்று கட்டிக்கொண்டிருந்த காலம்.

லாரிக்குத் தன் குரு சொன்னதில் சந்தேகமே இல்லை. மூச்சைப் பார், நாடியைத் தொடாதே. நாடியைத் தொட்டால் கவனம் சிதறும் என்பது அவர் வாதம். தன் ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தும் ஒரு சாவுகூட இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் 1880-ல் கிளாஸ்கோவில் ஒரு குழு நாய்களில் சோதித்து, குளோரோஃபார்ம் ரத்த அழுத்தத்தை இறக்குகிறது, இதயத்தைப் பாதிக்கிறது என்று எழுதி வைத்திருந்தது. லாரியால் அதைத் தாங்க முடியவில்லை. 1888-ல் தானே ஒரு குழு அமைத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட தெருநாய்களைப் பிடித்து, குளோரோஃபார்ம் கொடுத்து, இறக்கும்வரை கவனித்தார்கள். எல்லாவற்றிலும் முதலில் மூச்சு நின்றது, பிறகுதான் இதயம். லாரி வென்றார். அதாவது, வென்றதாக அறிவித்தார் :-)

லண்டனில் 'லான்செட்' பத்திரிகை சிரித்தது. ஏதோ ஒரு சமஸ்தானத்தில் நாலு நாயைக் கொன்றுவிட்டு எங்களுக்குப் பாடம் எடுக்கிறீர்களா என்ற தொனி. லாரி அப்போது செய்ததுதான் அபாரம். ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கானிடம் போனார். நிஜாம் ஆயிரம் பவுண்டு கொடுத்தார். 'லான்செட்டே ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பட்டும், செலவு எங்களுடையது' என்று அழைப்பு போனது. அன்றைய மாற்று விகிதம் ரூபாய்க்குப் பதினாறு, பதினேழு பென்னி. ஆக, பதினாலாயிரம் பதினைந்தாயிரம் ரூபாய். 1889-ல் அது என்ன பணம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தன்னைத் திட்டுகிறவனுக்கே பயணச்செலவு கொடுத்து வரவழைப்பது எந்தக் காலத்திலும் எல்லாரும் செய்யக்கூடியதில்லை.

லான்செட் அனுப்பிய ஆள் சாமானியர் இல்லை. தாமஸ் லாடர் பிரண்டன். நெஞ்சுவலிக்கு அமைல் நைட்ரைட் கேட்கும் என்று 1867-ல் கண்டுபிடித்தவர். மருந்தியலில் அன்றைய பெரிய பெயர். குளோரோஃபார்ம் இதயத்தைத் தாக்கும் என்று நம்பியவர்களில் ஒருவர். 1889-ன் கடைசி மாதங்களில் அவர் ஐதராபாத்தில் இறங்கினார். இரண்டாவது குழுவில் லாரி, பிரண்டனோடு பாம்ஃபோர்ட் என்ற ராணுவ டாக்டரும், நிஜாம் அரசின் டாக்டர் ருஸ்தம்ஜியும் இருந்தார்கள்.

இந்த முறை நாய் மட்டுமில்லை. குதிரை, குரங்கு, ஆடு, பூனை, முயல். மொத்தம் நானூறுக்கும் மேல். பலவற்றில் ரத்தக்குழாயில் குழாய் இணைத்து, அழுத்தம் ஏறி இறங்குவதைச் சுழலும் உருளையில் ஒரு முள் கோடாக வரைந்தது. அந்தக் கோடுகளைப் புகைப்படம் எடுத்து வைத்தார்கள். அன்றைய இந்தியாவில் இந்த அளவில், இந்த நுணுக்கத்தோடு ஒரு மருந்துச் சோதனை என்பது பெரிய காரியம்.

இதில் இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். ரூபா பாய் ஃபர்துன்ஜி. ஐதராபாத் மருத்துவப் பள்ளியில் படித்த பார்சிப் பெண். இந்தச் சோதனைகளில் உதவியவர். பிறகு இதே ஊரில் நீண்ட காலம் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டராகவே வேலை பார்த்தார். உலகத்திலேயே மயக்கவியலைத் தொழிலாகக் கொண்ட முதல் பெண்களில் ஒருவர் என்று அவரைச் சொல்கிறார்கள். அந்தக் காலத்து அப்சல்கஞ்ச் ஆஸ்பத்திரியை 1908 செப்டம்பர் மூசி வெள்ளம் நாசமாக்கியது. அதன் வாரிசுதான் உஸ்மானியா ஆஸ்பத்திரி. அங்கே போகிறவர்கள் ஒரு நிமிடம் அந்த அம்மாவை நினைத்துக்கொள்ளலாம்.

டிசம்பர் மாதம் பிரண்டன் லண்டனுக்குத் தந்தி அடித்தார். சாராம்சம் இதுதான்: ஆபத்து மூச்சுத்திணறலாலும் அளவு மீறிக் கொடுப்பதாலும் வருகிறது, இதயத்தை நேராகத் தாக்குவதே இல்லை. எதிர்க்கட்சித் தலைவரே கட்சி மாறிவிட்டார்! லாரிக்கு வாழ்நாள் வெற்றி. 1890-ல் லான்செட்டிலேயே முழு அறிக்கையும் வந்தது. இதயத்தைப் பற்றிப் பயம் வேண்டாம் என்று ஐதராபாத் முத்திரை குத்திக் கொடுத்தாயிற்று.

*

இப்போது நம்ம தொழிலுக்கு வருவோம். ஆடிட்டில் ஒரு பாலபாடம் உண்டு. எதைத் தேடினாயோ அதைத்தான் கண்டுபிடிப்பாய். மூடிய கணக்குகளை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு வாராக்கடனே இல்லை என்று கையெழுத்துப் போட்டால் எப்படி இருக்கும்?

ஐதராபாத்தில் பெரும்பாலும் என்ன செய்தார்கள்? விலங்குக்கு மருந்தைக் கொடுத்துக்கொண்டே போய், ஆழ்ந்த மயக்கத்துக்குத் தள்ளி, முதலில் எது நிற்கிறது என்று பார்த்தார்கள். மருந்து மிதமிஞ்சினால் மூச்சுதான் முதலில் நிற்கும். அது உண்மை. கோடுகள் பொய் சொல்லவில்லை. பிரண்டனும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஹன்னா கிரீனர் மருந்து மிதமிஞ்சி ஆழ்ந்த மயக்கத்தில் செத்தாளா? சில நிமிடத்தில், மயக்கத்தின் வாசலில் செத்தாள். பல் பிடுங்க வந்தவர்களும் அப்படித்தான். ஊரில் ஆட்கள் சாகிற விதம் வேறு, சோதனைக்கூடத்தில் நாய்கள் சாகிற விதம் வேறு.

1911-ல் இங்கிலாந்தில் குட்மன் லெவி என்ற டாக்டர்தான் முடிச்சை அவிழ்த்தார். பூனைகளுக்கு லேசாக மட்டும் குளோரோஃபார்ம் கொடுத்து, அட்ரினலினை ஊசியில் ஏற்றினார். அட்ரினலின் தெரியுமே, பயத்திலும் பதற்றத்திலும் உடம்பு தானே சுரப்பது. பூனையின் இதயம் சீராகத் துடிப்பதை விட்டுவிட்டு, புழுக்கூட்டம் போல நெளிந்தது. வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்கிறார்கள். ரத்தத்தைத் தள்ள முடியாது. அடுத்த நிமிடம் உயிர் போய்விடும். ஆழ்ந்த மயக்கத்தில் இது வராது. அரைகுறை மயக்கத்தில், பயந்த உடம்பில் வரும். விட்டு விட்டுக் கொடுத்தால் ஆபத்து இன்னும் அதிகம். பயந்து நடுங்கிய ஒரு பதினைந்து வயதுப் பெண்ணுக்கு என்ன ஆகியிருக்கும் என்று அறுபத்து மூன்று வருஷம் கழித்து ஒரு விடை கிடைத்தது.

வேடிக்கை என்னவென்றால், இதயம் இப்படி நெளிந்து நின்று திடீர்ச் சாவு வரலாம் என்று ஸ்காட்லாந்தின் அபர்டீனில் மாக்வில்லியம் என்பவர் எழுதியது 1889. அதே வருஷம் ஐதராபாத்தில் நானூறு விலங்குகளுக்கு மேல் உயிரைக் கொடுத்து, அப்படி ஒன்றும் இல்லை என்று தந்தி போகிறது.

எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. குளோரோஃபார்ம் சாவு என்பது சில ஆயிரம் பேரில் ஒருவருக்கு நேர்வது. மூவாயிரம் கடனில் ஒன்று வாராக்கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு ஃபைலை எடுத்துப் பார்த்தால் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போக வாய்ப்பு மிக அதிகம். 'பார்த்த ஐந்நூறிலும் பழுதில்லை' என்பது உண்மை. 'பழுதே கிடையாது' என்பது அந்த உண்மையிலிருந்து பிறக்காது. நாய் நானூறு, நாலாயிரம் என்றாலும் கேள்வி தவறாக இருந்தால் விடையும் தவறுதான். கேள்வி சரியாக இருந்தும் எண்ணிக்கை போதாவிட்டால் விடை மௌனம்தான். அந்த மௌனத்தை அவர்கள் 'இல்லை' என்று படித்துவிட்டார்கள்.

1893-ல் லான்செட்டே ஆஸ்பத்திரிகளில் நிஜமாக நடந்த மயக்கமருந்துச் சாவுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஈதரைவிடக் குளோரோஃபார்ம் ஆபத்தானது என்றே அது காட்டியது. லாரி கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. குளோரோஃபார்மும் உடனே போய்விடவில்லை. 1950களில் ஹாலோதேன் மாதிரியான மருந்துகள் வந்த பிறகுதான் மெல்ல ஒதுங்கியது.

*

இதெல்லாம் நூற்று முப்பது வருஷத்துக் கதை, இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டு சின்னக் கதை.

ரோஃபெகாக்சிப். வயாக்ஸ் என்ற பெயரில் 1999-ல் வந்த மூட்டுவலி மருந்து. பழைய வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும். ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்று 1971-ல் ஜான் வேன் கண்டுபிடித்த பிறகு, வயிற்றைத் தொடாமல் வீக்கத்தை மட்டும் குறைக்கிற மருந்துக்கு எல்லாரும் அலைந்தார்கள். அதன் பலன் இது. எலியில் வீக்கம் குறைந்தது, வயிறு தப்பித்தது. மனிதர்கள் கோடிக்கணக்கில் விழுங்கினார்கள். 2004 செப்டம்பர் 30-ம் தேதி தயாரித்த கம்பெனியே திரும்பப் பெற்றது. நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு அபாயம் கூடியது. இந்தியாவிலும் அதே வருஷம் டிசம்பரில் தடை வந்தது. மறுபடியும் இதயம்! வயிறைத் தேடியவர்கள் வயிறைக் கண்டார்கள்.

இரண்டாவது, டைக்ளோஃபெனாக். நமக்கு முட்டிவலி, முதுகுவலி என்றால் டாக்டர் எழுதுவது. எலி, நாய், மனிதன் எல்லாரிடமும் தேறிய மருந்து. மாட்டுக்கும் கொடுத்தார்கள், காய்ச்சலும் வீக்கமும் இறங்கியது. மாடு செத்தால் அதைத் தின்ன வரும் பாறு கழுகுகளை யாரும் நினைக்கவில்லை. அந்த மாட்டிறைச்சியில் இருந்த சொற்ப மருந்தே கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. லட்சக்கணக்கில் இருந்த பறவை, சில வகைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் காணாமல் போயிற்று. காரணம் 2004-ல்தான் தெரிந்தது. 2006-ல் இந்தியா மாட்டுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. மாற்றாக மெலாக்சிகாம் என்ற வீக்க மருந்தை எடுத்து, முதலில் ஆப்பிரிக்கக் கழுகுகளிலும் பிறகு நம் கழுகுகளிலும் கொடுத்துப் பார்த்து, பாதிப்பில்லை என்று உறுதி செய்தார்கள். 2023-ல் மாட்டுக்கான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டுக்கும் தடை வந்தது. நம்ம முதுமலை, மோயாறு பக்கம் மிச்சமிருக்கும் பாறு கழுகுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், கழுகுகளைக் காப்பாற்றியதும் ஒரு விலங்குச் சோதனைதான். ஆகவே 'சோதனையே கூடாது' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு வரவில்லை. 'அறிவியலுக்காக எதுவும் செய்யலாம்' என்பதும் வரவில்லை. கொல்வதற்கு முன்னால் கேள்வி சரியா என்று யோசித்தார்களா? அதுதான் முக்கியம். தப்பான கேள்விக்காகச் செத்த ஒவ்வொரு நாயும் இரண்டு தடவை வீணானது.

*

ஐதராபாத்தில் அந்த நானூறைக் கேட்க ஆள் இல்லை. இங்கிலாந்தில் 1876-லேயே உயிர்ச் சோதனைக்கு லைசென்ஸ் வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டம் கடல் தாண்டவில்லை. லண்டனில் கையெழுத்து வாங்க வேண்டிய வேலை இங்கே கேள்வி முறை இல்லாமல் நடக்கும்.

நம்மிடம் இதற்கான வழி பிறந்ததில் ஒரு தமிழ்ப் பெண்மணிக்குப் பெரிய பங்கு உண்டு. ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ரா, பரதநாட்டியம் என்றுதான் நமக்குத் தெரியும். 1952-ல் ராஜ்யசபாவுக்கு நியமன உறுப்பினராகப் போனவர், விலங்குகளை வதைப்பதற்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டு வந்தார். அரசே விரிவான சட்டம் கொண்டு வரும் என்று நேரு உறுதி சொல்ல, மசோதாவைத் திரும்பப் பெற்றார். 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவர்தான் முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகம் நீண்ட காலம் சென்னையில்தான் இருந்தது.

அந்தச் சட்டம் சோதனையைத் தடை செய்யவில்லை. அதற்கென்று ஒரு தனி அத்தியாயம் வைத்து நிபந்தனை போட்டது. அறுவைச் சோதனை என்றால் கூடியவரை வலி தெரியாத அளவுக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும். புத்தகம், மாதிரி, படம் போதும் என்றால் விலங்கு வேண்டாம். எலி போதும் என்றால் பெரிய விலங்கு வேண்டாம். கை பழகுவதற்காக மட்டும் கூடியவரை செய்யக் கூடாது. 1998-ல் வந்த விதிகளோடு ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு நெறிமுறைக் குழு கட்டாயமாயிற்று. ஏன் இத்தனை எலி, ஏன் இந்த முறை என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். கடன் விண்ணப்பம் மாதிரியேதான்: நோக்கம் என்ன, தொகை ஏன் இவ்வளவு, மாற்று வழி பார்த்தீர்களா? 2023-ல் புது மருந்து விதிகளைத் திருத்தி, சில்லுக்குள் வளர்த்த மனிதத் திசு, கணினி முறைகள் ஆகியவற்றின் முடிவுகளையும் ஏற்க வழி செய்திருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் எலிக்காலை ஒரேயடியாக ஓய்வுக்கு அனுப்ப இன்னும் நாளாகும்.

மேலே சொன்னதில் ஒன்றைத் திரும்பப் பாருங்கள். வலி தெரியாமல் மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்று விலங்குகளுக்குச் சட்டம் ஓர் உரிமை கொடுக்கிறது. அந்த மயக்க மருந்துகளின் நல்லது கெட்டதைக் கண்டுபிடிக்க உயிர் கொடுத்தது யார்? மூசி நதிக்கரைத் தெருநாய்களும், அவற்றைப் போன்றவையும்தான். சொத்து சேர்த்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், வாரிசுகளுக்குக் கொஞ்சம் வந்து சேர்ந்திருக்கிறது.

ஐதராபாத் குழுவைத் தோல்வி என்று தள்ளிவிடவும் மாட்டேன். மூச்சைக் கவனி, அளவு மீறாதே என்ற பாதிப் பாடம் சரியானது. அது எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கும். இன்றைக்கு ஆபரேஷன் தியேட்டரில் நம் பக்கத்தில் இருக்கும் மானிட்டரில் மூச்சுக்கும் ஒரு கோடு ஓடுகிறது, இதயத்துக்கும் ஒரு கோடு ஓடுகிறது. லண்டன் கட்சி, எடின்பரோ கட்சி இரண்டும் ஒரே திரையில் சமாதானமாக இருக்கின்றன. அந்தச் சமாதானத்துக்கு ஆன செலவுதான் அதிகம்.

சிக்கந்தராபாத்துக்கு இன்னொரு மருத்துவக் கதையும் உண்டு. குளோரோஃபார்ம் தந்தி போன எட்டு வருஷம் கழித்து, 1897 ஆகஸ்ட்டில் பேகம்பேட்டையில் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தார். அவர் கேட்ட கேள்வி சரியாக இருந்தது. அதை அடுத்த பதிவில் எழுதுகிறேன். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் வேலை தலைக்கு மேல் இருக்கிறது, கொஞ்சம் தாமதமானால் மன்னிக்கவும்.